மோட்டார் சைக்கிளை விற்று விமானி ஆனவர்!

13 நாளில் 10 விமானங்களை வீழ்த்திய இந்திரலால் ராய்

வேலூர் லாங்கு பஜாரில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. கடைத்தெருவுக்குப் போகும் ஜனங்கள் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். அண்ணாந்து மணி பார்க்கிறவர்கள் உண்டு. அதில் பதித்திருக்கும் கல்லைப் படித்துப் பார்க்கிறவர்கள் குறைவு.

1914-ம் ஆண்டு தொடங்கி 1918-ல் முடிந்த முதல் உலகப்போருக்கு வேலூரில் இருந்து 277 பேர் போனார்கள். அவர்களில் 14 பேர் உயிர் இழந்தார்கள். இந்தச் செய்திதான் அந்தக் கல்லில் இருக்கிறது.

இந்தப் பக்கத்தில் இருந்து ஆட்கள் மட்டும் போகவில்லை. தோலும் போயிற்று. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஊர்களில் மாட்டுத்தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைப்பார்கள். மயிரைச் சுரண்டி எடுப்பார்கள். ஆவாரம்பட்டைச் சாற்றில் பல நாள் போட்டுப் பதப்படுத்துவார்கள். பிறகு கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெய் தடவிக் காயவைத்து, மூட்டை கட்டி ரயில் ஏற்றுவார்கள். அது சென்னைத் துறைமுகம் போய், கப்பல் ஏறி, இங்கிலாந்து போய்ச் சேரும். அங்கே அது சிப்பாய்களின் பூட்சுக்கு மேல்தோல் ஆயிற்று. போர் நடுவில் இந்தத் தோலை சர்க்காரே மொத்தமாக வாங்கத் தொடங்கியது. அவ்வளவு தேவை!

அதே போரில், பிரான்சு நாட்டு வானத்தில் ஓர் இந்திய வாலிபர் விமானம் ஓட்டினார். வயது 19. விமானப் படையில் சேர அவர் போனபோது கண் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சேர்ந்து பறந்தபோது விமானம் தரையில் மோதி நொறுங்கியது. இனிமேல் பறக்கவே தகுதி இல்லை என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். இத்தனைக்கும் பிறகுதான் அவர் பெயர் எடுத்தார்.

அவர்தான் இந்திரலால் ராய்.

கல்கத்தாவில் பிறந்தவர்

இந்திரலால் 1898-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை பியாரிலால் ராய். பாரிஸ்டர். தாயார் லலிதா ராய். தாய்வழிப் பாட்டனார், மேல்நாட்டு வைத்தியம் கற்ற முதல் இந்தியர்களில் ஒருவரான டாக்டர் சூரியகுமார் சக்கரவர்த்தி. வசதிக்குக் குறைவில்லாத வீடு.

தாயார் துணிச்சல்காரர். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு லண்டனுக்குப் போய்க் குடியேறினார். பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று 1911-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் லண்டன் தெருக்களில் பெரிய ஊர்வலம் நடந்தது. அதில் சேலை கட்டி நடந்த இந்தியப் பெண்களில் லலிதா ராயும் ஒருவர். அந்தத் தாயின் பிள்ளைதான் இந்திரலால். வீட்டில் செல்லமாக அவரை 'லாடி' என்று கூப்பிடுவார்கள்.

லண்டனில் செயின்ட் பால் பள்ளிக்கூடத்தில் அவரைச் சேர்த்தார்கள். அண்ணன் பரேஷ்லால் குத்துச்சண்டை வீரர். போர் வந்ததும் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். பிற்காலத்தில் இந்தியாவில் குத்துச்சண்டையை வளர்த்தவர் அவரே.

விமானமும் இந்திரலாலும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள் என்றே சொல்லலாம். அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் முதன்முதலாக எந்திர விமானத்தில் பறந்தது 1903-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி. அப்போது இந்திரலாலுக்கு 5 வயது நிறைந்து 15 நாள்தான் ஆகியிருந்தது. முதல் தடவை விமானம் வானில் இருந்தது 12 விநாடி. போன தூரம் 120 அடி. தமிழ்நாட்டு ஜனங்கள் விமானத்தைப் பார்த்தது 1910-ல். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர் சென்னையில் பறந்து காட்டினார்.

1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு 'எம்டன்' கப்பல் சென்னைமீது குண்டு போட்டது. பொல்லாத ஆளைப் பார்த்து 'எம்டன்' என்று சொல்லும் வழக்கம் அப்போது வந்ததுதான். அப்போது இந்திரலால் லண்டனில் பள்ளிக்கூடப் பிள்ளை.

கண்ணும் மோட்டார் சைக்கிளும்

பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் அவருக்கு ஒரே ஆசை. விமானி ஆகவேண்டும்!

அது எளிதான காரியம் அல்ல. இந்தியச் சிப்பாய்கள் லட்சக்கணக்கில் போர்முனையில் இருந்தார்கள். ஆனால் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் உத்தரவு போடக்கூடிய அதிகாரிப் பதவி இந்தியருக்கு அநேகமாக எட்டாக்கனியாக இருந்தது. விமானி என்றால் அதிகாரி. ஆகவே அந்தக் கதவு லேசில் திறக்காது.

விண்ணப்பம் போட்டார். கண் பார்வை போதாது என்று தள்ளிவிட்டார்கள்.

வேறு பிள்ளையாக இருந்தால் வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கும். இந்திரலாலிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதை விற்றார். அந்தப் பணத்தைக் கொண்டு பெயர்பெற்ற கண் டாக்டர் ஒருவரிடம் போய் மறுபடியும் கண்ணைச் சோதித்துக்கொண்டார். பார்வை நன்றாக இருக்கிறது என்று அந்த டாக்டர் சான்று கொடுத்தார். முதலில் தள்ளியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

1917 ஏப்ரலில் விமானப் படையில் சேர்ந்தார். ஜூலை 5-ந் தேதி அதிகாரி ஆனார். அவரைப் போல அந்தப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் விமானி ஆன இந்தியர் இன்னும் மூவர். ஹர்தித் சிங் மாலிக், ஸ்ரீகிருஷ்ண வெலிங்கர், எரால் சந்தர் சென். மாலிக் சீக்கியர். தலைப்பாகையை எடுக்கமாட்டேன் என்று உறுதியாக இருந்தார். அதற்கு மேலே போடுவதற்குத் தகுந்த பெரிய தொப்பியைச் செய்துகொண்டார்.

முறம் சொல்லும் பாடம்

அதிகாரி ஆன ஒரு வாரத்துக்குள் இந்திரலாலை பிரான்சு நாட்டில் வாந்தோம் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே விமானப் பள்ளி இருந்தது.

விமானம் ஓட்டப் பழகுகிற மாணவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? இத்தனை கனமான எந்திரம் ஏன் கீழே விழாமல் நிற்கிறது என்பதுதான். இது பெரிய படிப்பு படித்தவர்களுக்கு மட்டும் விளங்கும் விஷயம் அல்ல. வீட்டில் இருக்கும் முறத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

காற்று பலமாக அடிக்கும் நாளில் பாலாற்று மணலில் நின்று, ஒரு முறத்தைக் காற்றுக்கு எதிராகப் படுக்கை வசத்தில் பிடித்துப் பாருங்கள். காற்று மேலும் கீழுமாகப் போய்விடும். முறம் சும்மா இருக்கும். இப்போது காற்று வரும் பக்கத்து விளிம்பைக் கொஞ்சம் தூக்குங்கள். முறம் கையை மேலே இழுக்கும். இன்னும் தூக்குங்கள். இன்னும் இழுக்கும். நெட்டுக்குத்தலாகவே நிமிர்த்திவிட்டால்? மேலே போகிற விசை போய்விடும். முறம் பின்னால் தள்ளும். அவ்வளவுதான்.

இந்த மூன்று நிலைகளில் விமானப் பாடத்தின் பாதி அடங்கிவிட்டது. ரயிலில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாலும் இது தெரியும். ஆனால் பிள்ளைகள் அதைச் செய்யக்கூடாது. முறமே போதும்.

விமானத்தின் இறக்கை சற்றே முன்தூக்கி இருக்கும். மேல்பக்கம் வளைந்திருக்கும். முன்னால் சுழலும் விசிறி விமானத்தை வேகமாக இழுக்கும்போது, இறக்கை தன்னைச் சுற்றி ஓடும் காற்றைக் கீழ்நோக்கி வளைத்து அனுப்புகிறது. மேலே காற்றின் அழுத்தம் குறைகிறது. கீழே அழுத்தம் கூடுதலாக இருக்கிறது. காற்றை இறக்கை கீழே தள்ள, இறக்கையைக் காற்று மேலே தூக்குகிறது.

ஆக, நாலு விசைகள். பூமி கீழே இழுக்கிறது. இறக்கை மேலே தூக்குகிறது. விசிறி முன்னே இழுக்கிறது. காற்று பின்னே தடுக்கிறது. நாலு பக்கமும் கயிறு கட்டி இழுப்பது போலத்தான். எதிரெதிர் விசைகள் சமமாக இருந்தால் விமானம் ஒரே உயரத்தில் ஒரே வேகத்தில் போகும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் விமானம் ஏறும், இறங்கும், விரையும், தளரும். மாணவனின் வேலை இந்த நாலையும் தன் கைக்குள் வைத்துக்கொள்வது.

கைப்பிடியும் கால்கட்டையும்

அந்தக் கால விமானம் மரச்சட்டமும் துணியும் கொண்டது. துணிமேல் மெருகுத் தைலம் பூசி, மேளத்துத் தோல் போல விறைக்க வைத்திருப்பார்கள். மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை. விமானி உட்காரும் இடத்துக்கு மூடி கிடையாது. பத்தாயிரம் அடிக்கு மேலே போனால் குளிர் எலும்பைத் துளைக்கும். அதனால்தான் விமானிகள் தோல் கோட்டும், தோல் தொப்பியும், கம்பளி வைத்துத் தைத்த தோல் பூட்சும் போட்டுக்கொண்டார்கள்.

விமானிக்கு முன்னால் ஒரு கைப்பிடிக் கம்பு. அதை முன்னால் தள்ளினால் விமானம் மூக்கைத் தாழ்த்தும். பின்னால் இழுத்தால் மூக்கைத் தூக்கும். இடமோ வலமோ சாய்த்தால் விமானம் அந்தப் பக்கம் சாயும். காலுக்குக் கீழே ஒரு கட்டை. அது வால்பக்கத்தில் இருக்கும் சுக்கானைத் திருப்பும். படகுச் சுக்கான் போலத்தான். வளைந்து திரும்பவேண்டுமானால் கையும் காலும் ஒன்றாக வேலை செய்யவேண்டும். சைக்கிளில் வேகமாக வளைகிறவன் உடம்பைச் சாய்க்கிறானே, அதே சங்கதி. கை முந்தினாலும் கெடும். கால் முந்தினாலும் கெடும்.

தோல் பதனிடுகிறவர்கள் தோலை விரலால் நீவிப் பார்த்தே பதம் வந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார்கள். அளவு பார்க்கும் கருவி அவர்களுக்கு வேண்டியதில்லை. விமானியும் அப்படித்தான். விமானம் தளர்கிறதா, சறுக்குகிறதா என்பதை உட்கார்ந்திருக்கும் ஆசனத்தில் இருந்தும், கைப்பிடியின் இறுக்கத்தில் இருந்தும், காற்றின் ஓசையில் இருந்தும் அறியவேண்டும். இதை வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது.

மாணவர்களைக் கொன்ற தப்பு ஒன்று உண்டு. வேகம் குறைந்துபோகிறது. விமானம் தாழ்கிறது. பயந்த மாணவன் என்ன செய்வான்? கைப்பிடியைப் பின்னால் இழுத்து மூக்கைத் தூக்குவான். அங்கேதான் ஆபத்து! முறத்தை நெட்டுக்குத்தலாக நிமிர்த்தியது போல ஆகிவிடும். இறக்கையைத் தழுவி ஓடும் காற்று பிரிந்துபோகும். தூக்கும் விசை சட்டென்று விழுந்துவிடும். என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனாலும் விமானம் கல்லைப்போல விழும். ஓர் இறக்கை முந்தி விழுந்தால் பம்பரமாகச் சுழன்றுகொண்டே இறங்கும்.

அப்போது செய்யவேண்டியது மனித சுபாவத்துக்கு நேர் எதிரானது. தரையை நோக்கி விழும்போதே கைப்பிடியை முன்னால் தள்ளவேண்டும். சுழலும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கால்கட்டையை மிதிக்கவேண்டும். சுழற்சி நிற்கும். வேகம் வரும். காற்று மறுபடியும் இறக்கையைப் பற்றிக்கொள்ளும். அதன் பிறகுதான் மெல்ல மூக்கைத் தூக்கவேண்டும். இதற்கெல்லாம் போதுமான உயரம் கீழே மிச்சம் இருக்கவேண்டும்.

போரின் முதல் ஆண்டுகளில் இதை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவே அஞ்சினார்கள். சுழல் என்றால் சாவு என்று நினைத்தார்கள். இங்கிலாந்தில் காஸ்போர்ட் என்ற ஊரில் ஸ்மித் பாரி என்ற அதிகாரி 1917-ல் இந்த முறையை மாற்றினார். வேண்டுமென்றே விமானத்தைச் சுழலில் விடச் சொல்லி, அதில் இருந்து மீளப் பழக்கினார். இரைச்சலில் ஆசிரியர் பேச்சு மாணவன் காதில் விழ ரப்பர் குழாய் வைத்தார். அதற்கு முன்னால் ஆசிரியர் முதுகில் தட்டித்தான் சொல்லவேண்டும்! எதிரியின் குண்டு படாமல், பயிற்சியிலேயே மாண்ட வாலிபர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு.

இந்திரலால் வாந்தோமில் பறக்கப் பழகினார். பிறகு ஸ்காட்லாந்தில் டர்ன்பெர்ரி என்ற இடத்தில் துப்பாக்கிப் பயிற்சி. ஓடுகிற முயலை அடிக்கவேண்டுமானால் அதற்கு முன்னால் குறிவைக்கவேண்டும். விமானத்திலும் அப்படியே. சுடுகிறவனும் ஓடுகிறான், சுடப்படுகிறவனும் ஓடுகிறான் என்பதுதான் வித்தியாசம்.

எல்லாம் சேர்ந்து மூன்றரை மாதம். அவ்வளவுதான் படிப்பு! அக்டோபர் 30-ந் தேதி அவரைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிறந்தநாள் கழிந்து நாலாம் நாள்

போய்ச் சேர்ந்த இடம் 56-வது விமானப் பிரிவு. பிரிட்டிஷ் படையிலேயே பேர்போன பிரிவு அது. அவருடைய குழுவுக்குத் தலைவர் காப்டன் மேபரி.

கொடுத்த விமானம் எஸ்.இ.5ஏ. அந்தக் காலத்தில் இது அதிவேக விமானம். மணிக்கு 130 மைலுக்கு மேல் பறக்கும். ஆசனம் ஒன்றுதான். முதுகில் தட்டிச் சொல்ல ஆசிரியர் இல்லை. பிரிட்டிஷ் விமானிகளுக்குப் பாரசூட்டும் கொடுக்கவில்லை. மேலே தீப்பிடித்தால் அதோடு சரி.

டிசம்பர் 2-ந் தேதி இந்திரலாலுக்கு 19 வயது நிறைந்தது. டிசம்பர் 6-ந் தேதி அவர் ஓட்டிய விமானம் தரையில் மோதி நொறுங்கியது. அவருக்குப் பலத்த காயம்.

இந்த விபத்தைப்பற்றி ஒரு கதை வழங்குகிறது. செத்துப்போனார் என்று நினைத்து அவரைப் பிணவறையில் போட்டுவிட்டார்களாம். நினைவு வந்ததும் உள்ளே இருந்து கதவைத் தட்டினாராம். காவலுக்கு இருந்தவர்கள் பேய் என்று அலறினார்களாம். கதை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கதையைவிட உண்மை கனமானது. 19 வயதில், கற்ற வித்தை ஐந்து வாரத்தில் கைவிட்டுப்போய், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக் கிடக்கிற வாலிபருக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்த மாதமே, டிசம்பர் 19-ந் தேதி, அவருடைய குழுத் தலைவர் மேபரி போரில் மாண்டார்.

பென்சில் பிடித்த நாட்கள்

கட்டிலில் இருந்தபோது இந்திரலால் பென்சிலை எடுத்தார். விமானம் விமானமாகப் படம் வரைந்தார். அந்தப் படங்களில் பல இன்றைக்கும் பத்திரமாக இருக்கின்றன.

பொழுது போகாமல் வரைந்தார் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு பொருளை வரைகிறவன், அதை மற்றவர்கள் பார்ப்பதைவிடக் கூர்ந்து பார்க்கவேண்டும். இறக்கை எந்தக் கோணத்தில் நிற்கிறது, வால் எப்படி அமைந்திருக்கிறது என்று கவனிக்காமல் வரைய முடியாது. வானத்தில் போகும் விமானம் நம்முடையதா எதிரியுடையதா என்று கண் இமைக்கும் நேரத்தில் சொல்லவேண்டிய தொழில் அது. அந்தத் தொழிலுக்குப் படம் வரைவதும் ஒரு பயிற்சிதான்.

காயம் ஆறியது. ஆனால் பறப்பதற்கு உடல்தகுதி இல்லை என்று டாக்டர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். பிரிட்டிஷ் அதிகாரிகள் வற்புறுத்தி அவரை அனுப்பவில்லை. வீட்டில் இருந்திருக்கலாம். தரையில் ஏதாவது உத்தியோகம் பார்த்திருக்கலாம். ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இந்திரலால்தான் விடவில்லை. மேலதிகாரிகளிடம் மன்றாடினார். கடைசியில் அவர்களே இணங்கினார்கள்.

அது தேசபக்தியா, வாலிப மிடுக்கா, போன பெயரை மீட்கும் வெறியா? மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும்.

1918 ஜூன் மாதத்தில் 40-வது விமானப் பிரிவில் சேர்ந்தார். இதற்குள் ஏப்ரல் 1-ந் தேதி ராயல் விமானப் படை என்று புதுப் பெயருடன் தனிப் படையே உண்டாகியிருந்தது. விமானம் மட்டும் பழைய எஸ்.இ.5ஏதான்.

நல்ல ஆசான்

இந்தத் தடவை அவருக்குக் கிடைத்த குழுத் தலைவர் காப்டன் மெக்கெல்ராய். அயர்லாந்துக்காரர். எதிரி விமானங்களை வீழ்த்துவதில் கெட்டிக்காரர்.

வானச் சண்டையில் உயரம்தான் கைமுதல். வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். உயரத்தில் இருக்கிறவன் மூக்கைத் தாழ்த்தினால் உயரம் வேகமாக மாறும். வேகத்தைச் செலவழித்து மறுபடியும் ஏறலாம். கீழே இருக்கிறவனுக்குக் கையில் முதல் இல்லை. சுற்றிச் சுற்றித் திரும்பினால் உள்ள வேகமும் கரையும். முதலைத் தொலைத்தவன் கதை தெரிந்ததுதானே! நாலு விசைகளைப்பற்றிப் பள்ளியில் படித்த அதே பாடம்தான் இங்கே உயிர்ப்பிச்சை கொடுக்கிறது.

இதோடு சூரியனும் சேரும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பாய்கிறவனை எதிரியால் பார்க்க முடியாது. இதெல்லாம் அனுபவசாலியின் பக்கத்தில் பறந்தால்தான் பிடிபடும்.

இந்திரலாலுக்குப் பிடிபட்டது.

அந்தப் 13 நாட்கள்

1918 ஜூலை 6-ந் தேதி. திரோக்கூர் என்ற ஊருக்கு மேலே ஹானோவர் என்ற ஜெர்மன் விமானத்தை வீழ்த்தினார். அது முதல் வெற்றி.

ஜூலை 8-ந் தேதி நாலு மணி நேரத்துக்குள் மூன்று விமானங்கள்!

13-ந் தேதி இரண்டு. 15-ந் தேதி இரண்டு. 18-ந் தேதி ஒன்று. 19-ந் தேதி காஞிகூர் என்ற ஊருக்கு மேலே மற்றொரு ஹானோவர்.

மொத்தம் 10. இவற்றில் ஐந்து நொறுங்கின. ஐந்து நிலைகுலைந்து கீழே போனதாகக் கணக்கில் எழுதினார்கள். இரண்டு வெற்றிகள் தோழர்களோடு சேர்ந்து பெற்றவை. ஐந்து விமானங்களை வீழ்த்தியவரையே அந்த நாளில் மகா வீரர் என்று கொண்டாடுவார்கள். ஏழு மாதத்துக்கு முன்னால் சொந்த விமானத்தையே நொறுக்கிக்கொண்டவர் இந்த எண்ணிக்கையை எட்டினார்!

கணக்குப் பார்க்கிறபோது ஒன்றை மறக்கக்கூடாது. ஹானோவர் விமானத்தில் இரண்டு பேர் உட்காருவார்கள். அவர்களும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள்தான். ஜெர்மனியில் அவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள்.

ஜூலை 22

ஜூலை 22-ந் தேதி இந்திரலால் மறுபடியும் பறந்தார். கார்வென் என்ற ஊருக்கு மேலே ஃபோக்கர் விமானங்கள் எதிர்ப்பட்டன. அவை ஜெர்மானியரின் மிகச் சிறந்த சண்டை விமானங்கள். சுலபமாக ஏறும். மேலே ஏறியும் தளராது.

சண்டை மூண்டது. இந்திரலாலின் விமானம் தீப்பிடித்துக் கீழே விழுந்தது. எதிரி வசம் இருந்த மண்ணில் விழுந்தது.

அவருக்கு 19 வயது, ஏழு மாதம், 20 நாள்.

ஒன்பது நாள் கழித்து, ஜூலை 31-ந் தேதி, ஆசான் மெக்கெல்ராயும் மாண்டார். இந்திய விமானிகளில் வெலிங்கர் ஜூன் மாதக் கடைசியிலேயே மாண்டுவிட்டார். சென் முன்பே எதிரி கையில் சிக்கிச் சிறையில் இருந்தார். மாலிக் பிழைத்துத் திரும்பினார். சுதந்திர இந்தியாவின் தூதராகப் பிரான்சுக்கே போனார்.

நவம்பர் 11-ந் தேதி போர் நின்றது. மூன்று வாரம் கழித்து இந்திரலாலின் 20-வது பிறந்தநாள் வந்தது.

வங்காள எழுத்து

சிறந்த விமானிகளுக்குக் கொடுக்கும் 'டி.எஃப்.சி.' விருதை 1918 செப்டம்பரில் இந்திரலாலுக்கு அறிவித்தார்கள். அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

கல்கத்தா பவானிபூரில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் வைத்தார்கள். 1998-ல், பிறந்து நூறாண்டு நிறைந்தபோது, இந்தியத் தபால் இலாகா அவர் படம் போட்டுத் தபால்தலை வெளியிட்டது.

இந்தியருக்குத் தனி விமானப் படை 1932-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி பிறந்தது. சென்னைக்குப் பக்கத்தில் தாம்பரத்தில் விமான ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுக்கும் பள்ளி ஏற்பட்டது. 1992-ல் அரக்கோணத்தில் கடற்படை விமானத் தளம் திறந்தார்கள். கடற்படை ஹெலிகாப்டர் விமானிகள் பயிற்சி பெறும் பள்ளி அங்கே இருக்கிறது. ஆம்பூர்த் தோல் சென்னைக்கு ரயில் ஏறிப் போன பாதையில்தான் அரக்கோணம் இருக்கிறது. நெட்டுக்குத்தலாக ஏறும் ஹெலிகாப்டருக்கும் பாடம் அதே பாடம்தான். அதன் தலைக்குமேல் சுழலும் ஒவ்வோர் அலகும் ஓர் இறக்கை. அதையும் அளவுக்கு மீறி நிமிர்த்தினால் காற்று கைவிட்டுவிடும்.

இந்திரலாலின் கல்லறை பிரான்சில் எஸ்தவெல் என்ற சின்ன கிராமத்தில் இருக்கிறது. அந்த ஊர் இடுகாட்டில் உள்ள கல்லில் அவருடைய பெயரும், படையின் சின்னமும், இறந்த தேதியும் இருக்கின்றன. அதற்குக் கீழே வங்காள எழுத்தில் சில வார்த்தைகள் பொறித்திருக்கிறார்கள். இது ஒரு வீரனின் கல்லறை, மரியாதை செய்யுங்கள் என்பது அதன் கருத்து. அந்த ஊர்க்காரர்களுக்கு அந்த எழுத்துப் படிக்கத் தெரியாது.